பழைய சேர்வர், பிழையான மாஸ்க்: ஒரு நிமிட வேலையை ஒரு கிழமைக்கு இழுப்பது எப்படி

ஜெயபுரத்துப் பக்கம் ஓர் அலுவலகம். மூலையில், மேசைக்குக் கீழே ஒரு சேர்வர். மீள்குடியேற்றக் காலத்தில் யாரோ அன்பளிப்பாகத் தந்தது. உள்ளே விண்டோஸ் சேர்வர் 2003. மைக்ரோசொஃப்ற் 2015 ஜூலை 14ஆம் திகதியோடு அதைக் கைகழுவிவிட்டது, நீங்கள் கைவிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசுகிறீர்கள். தூசு படாமல் யன்னல் சீலையால் போர்த்தி வைத்திருக்கிறீர்கள். மூச்சு முட்டினாலும் அது இரைந்துகொண்டே வேலை செய்கிறது.

இன்று காலை அந்தச் சேர்வரில் கூகுள் திறக்கிறது. தலைமை அலுவலகத் தரவுத்தளம் மட்டும் திறக்கவில்லை. பக்கத்து மேசைக் கணினிகளில் இரண்டுமே திறக்கின்றன. விஷயம் தெரிந்த ஒருவர் இதைக் கேட்டால், “சேர்வரின்ர சப்நெற் மாஸ்க்கைப் பாத்தனீங்களோ?” என்று கேட்பார். குந்தியிருந்து இரண்டு எண்ணை மாற்றுவார். பிளேன்ரீ ஆறுமுன் எழும்பிப் போய்விடுவார்.

அப்படியொரு ஆபத்தில் இருந்து உங்களைக் காப்பதற்கே இந்தக் கையேடு. இதில் உள்ள படிகளில் முக்கால்வாசி உங்களுக்கு ஏற்கனவே கைவந்தவை என்பது எனக்குத் தெரியும். அவற்றை வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை. வரிசை மாறாமல் செய்யுங்கள். ஒரு கிழமை நிச்சயம்.

படி 1: முதலில் அணையுங்கள்

திரையில் என்ன பிழைச்செய்தி நிற்கிறது என்று வாசிக்க வேண்டாம். வாசித்தால் எழுதி வைக்கத் தோன்றும். எழுதி வைத்தால் யாராவது அதைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே அணையுங்கள். மறுபடி போடுங்கள். பழைய சேர்வர் எழும்ப நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குத்தான் பிளேன்ரீ.

மாஸ்க் சேர்வரின் வட்டில் எழுதப்பட்ட அமைப்பு. அணைத்தால் அது அழியாது. எழும்பும்போது அதே பிழையோடு எழும்பும். 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அணைத்துப் போடுவதால் மாஸ்க் திருந்தும் என்றால், அந்த ஒரு வருடத்தில் இலங்கையின் எல்லா நெற்வேர்க்கும் திருந்தியிருக்க வேண்டும். இந்த வாதத்தைப் பொருட்படுத்தாதீர்கள். இன்னொரு முறை அணையுங்கள்.

படி 2: வயரில் கை வையுங்கள்

அணைத்தும் சரிவரவில்லை என்றால் வயர்தான். எலி கடித்திருக்கும். அணில் கடித்திருக்கும். வன்னியில் கடிக்கிற உயிருக்கா பஞ்சம்?

அதே வயரால்தான் கூகுள் வந்துகொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால், “அது வேற, இது வேற” என்று சொல்லுங்கள். வயரைப் பிடுங்குங்கள். முனையை வெட்டுங்கள். புதிய கொனெக்ரர் போட கிளிநொச்சியில் இருந்து ஆளைக் கூப்பிடுங்கள். அவர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அக்கராயன் பக்கத்தால் வந்து சேர மத்தியானம் ஆகும். வயர் பழுதில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போகும்போது ஒரு நாள் முடிந்திருக்கும். நல்ல தொடக்கம்.

படி 3: குற்றவாளியைத் தெரிவு செய்யுங்கள்

காரணத்தைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள். தகுதி ஒன்றுதான்: அவர் அறையில் இருக்கக்கூடாது. இணைய இணைப்புத் தந்த கம்பனி நல்ல தெரிவு. தலைமை அலுவலகம் அதைவிட நல்லது. போன மாதம் இடமாற்றலாகிப் போனவர் எல்லாரையும் விடச் சிறந்தவர். அவர் திரும்பி வந்து மறுக்கப்போவதில்லை.

தயக்கம் வேண்டாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு காரணம் என்று அமைச்சரே சொன்னார். ஒரு குரங்கு பாய்ந்தால் முழுத்தீவும் இருளும் அளவுக்கு அந்த மின்வலையமைப்பு ஏன் இருந்தது என்ற கேள்வி பின்னால் வந்தது. குரங்கு முன்னால் போய்விட்டது. உங்கள் கூரையிலும் குரங்கு இருக்கிறது. தேவைப்பட்டால் பயன்படுத்துங்கள்.

சப்நெற் மாஸ்க் பிழை இந்தப் படிக்கென்றே செய்தது போன்றது. அது எதையும் முழுதாக நிறுத்தாது. கொஞ்சம் வேலை செய்யும், கொஞ்சம் செய்யாது. ஆகவே தன்னில் பிழை இல்லை என்று நிரூபிக்க ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாட்சி இருக்கும். கம்பனிக்காரருக்குக் கூகுள் சாட்சி. தலைமை அலுவலகத்துக்கு மற்றக் கிளைகள் சாட்சி. உங்களுக்குத் திருநீறு.

படி 4: “கடைசியாய் என்ன மாத்தினது?” என்று கேட்கவிடாதீர்கள்

இதுதான் எல்லாப் பிழைதேடலையும் கெடுக்கும் கேள்வி. போன கிழமை ரவுட்டர் மாற்றியது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரவுட்டர் புதியது, பெட்டிகூடக் கசங்கவில்லை. புதியதைச் சந்தேகித்தால் வாங்கித் தந்தவர் மனம் நோகும்.

கேட்டே ஆகவேண்டும் என்றால், பாதி மட்டும் கேளுங்கள். “ரவுட்டர் மாத்தினாப் பிறகுதானே இந்தக் கரைச்சல், அப்ப ரவுட்டரில்தான் பிழை” என்று முடித்துவிடுங்கள். அதற்கு மேலே போனால் உண்மை வந்துவிடும். உண்மை இதுதான்: பிழை சேர்வரில் பல வருடமாக இருந்திருக்கிறது. பழைய ரவுட்டர் அதை மறைத்து வைத்திருந்தது.

மறைத்த விதம் இப்படி. வெளியில் உள்ள ஒரு கணினியை உள்ளே இருப்பதாக நினைத்து, “இந்த முகவரி ஆருடையது?” என்று சேர்வர் அறைக்குள் கேட்கும். உரியவர் அங்கே இல்லை. பழைய ரவுட்டர், “என்னுடையதுதான், இங்கே தா” என்று பொய் சொல்லி வாங்கி, உரிய இடத்துக்கு அனுப்பிவைக்கும். இதற்குப் பெயர் புறொக்ஸி ஆர்ப். 1987இல் எழுதி வைத்த முறை. சிஸ்கோ ரவுட்டர்களில் யாரும் கேட்காமலே இயங்கும். புதிய ரவுட்டருக்கு அந்த இரக்கம் இல்லை. தன்னுடையது அல்லாத முகவரிக்கு அது பதில் சொல்லாது. அவ்வளவுதான் நடந்தது.

இதை விளங்கிக்கொண்டால், “பத்து வருசம் வேலை செய்த சேர்வர், அதில பிழை இருக்காது” என்ற உங்கள் உறுதியான வாதம் உடைந்துபோகும். ஆகவே விளங்கிக்கொள்ள வேண்டாம்.

படி 5: இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள்

மாஸ்க் என்றால் என்ன என்று சொல்லும் பந்தி இது. வாசிக்காமல் விடுவது உங்கள் உரிமை.

உங்கள் சேர்வரின் முகவரி 10.20.30.10 என்று வையுங்கள். மாஸ்க்கை அதற்கு மேலே பிடியுங்கள். 255 இருக்கும் இடத்தில் எண் அப்படியே நிற்கும். 0 இருக்கும் இடத்தில் எண் அழிந்து 0 ஆகும். தலைமை அலுவலகத்தின் முகவரி 10.20.1.5. அதற்கும் அதையே செய்யுங்கள். இரண்டு விடையும் ஒன்று என்றால், அவர் இந்த அறைக்குள் இருக்கிறார். சேர்வர் நேரே கூப்பிடும். வேறு வேறு என்றால், அவர் வெளியில் இருக்கிறார். சேர்வர் பொதியை ரவுட்டரிடம் கொடுக்கும்.

மாஸ்க் 255.255.255.0 என்றால் விடைகள் 10.20.30.0, 10.20.1.0. வேறு வேறு. பொதி ரவுட்டருக்குப் போகும். தலைமை அலுவலகம் திறக்கும். மாஸ்க் 255.0.0.0 என்றால் இரண்டுக்கும் விடை 10.0.0.0. தலைமை அலுவலகமும் இந்த அறைக்குள்ளேதான் என்று சேர்வர் நம்பும், கூப்பிடும், பதில் வராது. கூகுளின் முகவரி 10இல் தொடங்குவதில்லை. அதனால் அது எப்படியும் வெளியாள், எப்படியும் திறக்கும்.

யார் உள்ளே, யார் வெளியே என்று ஒரு கோடு தீர்மானிப்பது வன்னிச் சனத்துக்குப் புதிதல்ல. ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்றவர்களுக்கு, கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாஸ்க் அந்தக் கோடுதான். கோடு தள்ளி விழுந்தால், நேர்மையாக வேலை செய்யும் சேர்வரும் பிழையான ஆளிடம்தான் போய் நிற்கும்.

1985இல் ஜெஃப் மோகலும் ஜொன் பொஸ்ரெலும் இதை ஆர்எஃப்சி 950 என்ற ஆவணத்தில் முறைப்படி எழுதினார்கள். கணக்குப் பாடத்தில் தேறாதவரும் செய்யக்கூடிய கணக்கு. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

படி 6: இரண்டு கணினிகளை அருகருகே வைத்துப் பார்க்காதீர்கள்

பக்கத்து மேசைக் கணினியில் தலைமை அலுவலகம் திறக்கிறது. சேர்வரில் திறக்கவில்லை. இரண்டிலும் கறுப்புத் திரையைத் திறந்து, “ஐபிகொன்ஃபிக்” என்று அடித்து, மாஸ்க் வரியை மட்டும் ஒப்பிட்டால் விஷயம் முடிந்தது. ஒன்றில் 255.255.255.0, மற்றதில் 255.0.0.0. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகூட வித்தியாசத்தைக் காட்டும். இதைச் செய்யவே வேண்டாம்.

அந்த 255.0.0.0 எங்கிருந்து வந்தது என்றும் ஆராய வேண்டாம். அதை யாரும் திட்டமிட்டு எழுதவில்லை. முகவரிப் பெட்டியில் 10.20.30.10 என்று அடித்தார்கள். ராப் விசையை அழுத்தினார்கள். மாஸ்க் பெட்டியை விண்டோஸ் தானே நிரப்பியது. 10இல் தொடங்கும் முகவரி பழைய வகுப்புப் பிரிவின்படி ‘ஏ’ வகுப்பு. அதற்குரிய மாஸ்க் 255.0.0.0. இணையம் அந்த வகுப்புப் பிரிவினையை 1993இல் கைவிட்டது. பத்து வருடம் கழித்து வந்த விண்டோஸ் அதை மறக்கவில்லை. அது நிரப்பித் தந்ததை நாங்கள் வாசிக்கவில்லை.

255.0.0.0 என்ற மாஸ்க்கின் பொருள், இந்த அறைக்குள் 1 கோடி 67 இலட்சம் முகவரிகள் இருக்கின்றன என்பது. இலங்கையின் சனத்தொகையே 2 கோடிக்குச் சற்றுத்தான் மேல். உங்கள் அறையில் ஏழு கணினிகள், ஒரு பிரின்ரர், ஒரு பழுதான மின்விசிறி. விண்டோஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

படி 7: பதில் வரும் இடத்துக்கு மட்டும் பிங் அடியுங்கள்

பிங் அடிக்கத் தெரியும் என்று காட்டுவது முக்கியம். 127.0.0.1க்கு அடியுங்கள். அது சேர்வர் தன்னைத் தானே கேட்பது. வயரைக் கழற்றி வைத்தாலும் பதில் வரும். நான்கு வரி பதிலையும் எல்லாருக்கும் காட்டுங்கள். “பாருங்கோ, சேர்வர் நல்லா இருக்கு.” பிறகு ரவுட்டருக்கு அடியுங்கள். அதுவும் பதில் தரும். அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்ததாக “ஆர்ப் -ஏ” என்று அடிக்க உங்கள் கை போகக்கூடும். கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்தப் பட்டியலில் அறைக்குள் இருக்கும் கணினிகள் மட்டுமே இருக்கவேண்டும். தலைமை அலுவலக முகவரி அங்கே வந்து நின்றால், சேர்வர் வெளியாளை உள்ளே தேடுகிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். பழைய ரவுட்டர் இருந்த காலத்தில் பார்த்திருந்தால் இன்னும் விசித்திரம்: வெளியூர் முகவரிகள் பலவற்றுக்கும் ஒரே வன்பொருள் எண், அதாவது ரவுட்டரின் எண், எழுதியிருக்கும். பத்து வருடமும் சாட்சி அங்கேயேதான் இருந்தது. நீங்கள் 127.0.0.1இல் இருந்தீர்கள்.

படி 8: கனடாவுக்கு அழையுங்கள்

உள்ளூரில் கேட்டால் மரியாதை குறையும். கணினி படித்த மச்சான் ரொறன்ரோவில் இருக்கிறார். இங்கே காலை 9 மணி என்றால் அங்கே கோடை காலத்தில் முதல்நாள் இரவு 11.30. அதுதான் நல்ல நேரம். அவர் நித்திரை கலைந்த கோபத்தில் நீண்ட கேள்வி கேட்கமாட்டார்.

தகவல் எதையும் கொடுக்காமல் உதவி கேளுங்கள். மாதிரி உரையாடல்:

“மச்சான், சேர்வர் வேலை செய்யுதில்லை.”

“என்னடா செய்யுது?”

“ஒண்டும் செய்யுதில்லை.”

“கூகுள் திறக்குதோ?”

“அது திறக்குது.”

“அப்ப ஐபி, மாஸ்க், கேற்வே மூண்டையும் வாசி பாப்பம்.”

இந்த இடத்தில் லைன் வெட்டுப்பட வேண்டும். தானாக வெட்டுப்படாவிட்டால் நீங்களே வெட்டுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்து, வேறு ஏதாவது கேளுங்கள். மூன்றாம் முறை அவர் சலித்துப்போய், “எல்லாத்தையும் கிளவுட்டுக்கு மாத்துங்கோடா” என்பார். அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இந்தக் கிழமை முழுவதிலும் நீங்கள் எழுதிவைக்கும் முதல் குறிப்பு அது.

மாஸ்க் தெரியாமல் தவிப்பது கணினிகளுக்கும் உண்டு. “என்னுடைய மாஸ்க் என்ன?” என்று ஒரு கணினி நெற்வேர்க்கைப் பார்த்துக் கேட்பதற்கென்றே 1985 ஆவணத்தில் ஒரு செய்திவகை வைத்திருந்தார்கள். ஏறக்குறைய யாரும் பயன்படுத்தாததால் 2013இல் அதை முறைப்படி ஓய்வுபெற வைத்தார்கள். கணினியே கேட்பதை விட்டுவிட்டது. நீங்கள் ஏன் கேட்கவேண்டும்?

படி 9: எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள்

மூன்றாம் நாள். இப்போது கை வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிப் பார்ப்பது கோழைகளின் வழி. ஐபி, மாஸ்க், கேற்வே, டிஎன்எஸ் நான்கையும் ஒரே அமர்வில் மாற்றுங்கள். அன்ரிவைரசைக் கழற்றுங்கள். ஃபயர்வோலை அணையுங்கள். பழைய எண்களை எழுதிவைக்க வேண்டாம், நினைவில் இருக்கும். இல்லாவிட்டால் அது முக்கியமானதாக இருந்திருக்காது.

மாஸ்க்குக்கு எந்த எண் என்று குழம்பினால், மனதில் தோன்றியதை அடியுங்கள். 255.255.255.100 என்று அடித்தால் விண்டோஸ் ஏற்காது. காரணம், மாஸ்க்கின் ஒரு கட்டத்தில் வரக்கூடியவை ஒன்பதே எண்கள்: 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255. இடப்பக்கத்தில் இருந்து ஒன்றுகள் இடைவெளி இல்லாமல் வரவேண்டும் என்பதால் மற்றவை செல்லா. இதை உங்களுக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டு, லாச்சிக்குள் கிடக்கும் பழைய கடதாசி ஒன்றைத் தேடுங்கள். வேறொரு அலுவலகத்துக்கு யாரோ எழுதிய 255.255.255.128 அதில் இருக்கும். அச்சடித்த கடதாசி. நம்பலாம். அடியுங்கள்.

படி 10: வெற்றியைக் கொண்டாடுங்கள்

தலைமை அலுவலகம் திறந்துவிட்டது! வடையும் பிளேன்ரீயும் வாங்குங்கள். எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது; ஆறு விஷயத்தை ஒன்றாக மாற்றியதன் பயன் இதுதான். அன்ரிவைரசில்தான் பிழை என்று அறிவியுங்கள்.

இப்போது புதிய பிழையை வரவேற்கத் தயாராகுங்கள். 128இல் முடியும் மாஸ்க், உங்கள் அறையையே நடுவால் பிரித்துவிட்டது. 10.20.30.1 முதல் 10.20.30.126 வரை சேர்வருக்கு உள்ளாட்கள். அதற்கு மேலே உள்ளவர்கள் வெளியாட்கள். பிரின்ரர் 10.20.30.200இல் இருக்கிறது. ஆகவே இரண்டு முழத் தூரத்தில் இருக்கும் பிரின்ரருக்குப் போகவேண்டிய தாளை, சேர்வர் முதலில் ரவுட்டரிடம் கொடுக்கிறது. ரவுட்டர் அதை வாங்கி அதே அறைக்குள் திருப்பி அனுப்புகிறது. ரவுட்டர் இயங்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது.

மாலை 4.15. மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்க ரவுட்டரை அணைக்கிறீர்கள். மேலதிக நேரம் நிற்பவர் பிரின்ற் கொடுக்கிறார். வரவில்லை. ரவுட்டரைப் போட்டால் வருகிறது. அணைத்தால் நிற்கிறது. சோதனை செய்து கண்ட உண்மை, மறுக்க முடியாது. முடிவை உரத்துச் சொல்லுங்கள்: “இன்ரர்நெற் இல்லாட்டி பிரின்ரர் வேலை செய்யாது.”

சுவரில் எழுதி ஒட்டுங்கள். டேட்டா முடிந்த நாளில் பிரின்ற் எடுக்க வந்தவரை, கடையில் போய் றீலோட் செய்துகொண்டு வரச்சொல்லுங்கள். டேட்டா இல்லாமலும் ரவுட்டர் உயிரோடு இருந்தால் போதும் என்று யாரும் பரீட்சித்துப் பார்க்காதவரை இது அசைக்கமுடியாத விதி.

படி 11: அறிக்கை எழுதுங்கள்

ஐந்தாம் நாள். நடந்ததை எழுதவேண்டும். எழுத்தில் “மாஸ்க்” என்ற சொல் வரக்கூடாது. “சேர்வர் மிகவும் பழையதாகையால் அடிக்கடி பழுதடைகிறது” என்று எழுதுங்கள். பழையது என்பது உண்மை. பழுது என்பது உண்மை. இரண்டுக்கும் நடுவில் “ஆகையால்” என்று போட்டது மட்டும் உங்கள் திறமை.

புதிய சேர்வருக்கு மூன்று விலைமனு எடுங்கள். கணக்காய்வுக்காரர் கேட்டால் சீலையைத் தூக்கிக் காட்டுங்கள். அந்தத் தூசைப் பார்த்த பிறகு எவரும் மேலே கேட்கமாட்டார். பழைய சேர்வரை மாற்றத்தான் வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வராமல் இத்தனை வருடம் ஓடிய இயந்திரத்தை வைத்திருப்பது விவேகம் அல்ல. ஆனால் மாற்றவேண்டிய சரியான காரணத்தை எழுதிவிட்டால், பிழையான காரணத்துக்காகச் செலவழித்த கிழமைக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

புதியது வந்ததும் பழையதில் இருந்த எண்களை அப்படியே பார்த்து எழுதுங்கள். 255.255.255.128 உட்பட. புதிய இயந்திரம், பழைய கோடு.

படி 12: தெரிந்தவரைக் கையாளுங்கள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு விபத்து நேரும். 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் படித்துவிட்டு, பயிற்சிக்கென்று ஒரு பிள்ளை உங்கள் அலுவலகத்துக்கு வந்திருப்பா. அவவுக்குக் கடிதம் மடிக்கவும் பதிவேட்டில் கோடு போடவும் நீங்கள் வேலை கொடுத்திருப்பீர்கள். நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம், அவ சேர்வருக்கு முன்னால் குந்தியிருந்து, இரண்டு கணினிகளின் மாஸ்க்கையும் ஒப்பிட்டு, 128ஐ 0 ஆக்கிவிட்டு எழும்பியிருப்பா. போதாததற்கு ஐபி, மாஸ்க், கேற்வே, திகதி நான்கையும் ஒரு துண்டில் எழுதிச் சேர்வரில் ஒட்டியும் இருப்பா.

பதற வேண்டாம். துண்டைக் கழற்றுங்கள், பாதுகாப்புக் காரணம் என்று சொல்லுங்கள். “ஆரைக் கேட்டுக் கை வைச்சனீர்?” என்று ஒருமுறை கேளுங்கள். “சேர், மாஸ்க் பிழையாய் இருந்தது…” என்று அவ தொடங்கும்போது, “சரி சரி, அந்தக் கடிதங்கள் மடிச்சு முடிஞ்சுதோ?” என்று கேட்டுவிடுங்கள். அவ திறமையானவ. இன்னொரு முறை சொல்லமாட்டா.

அவவின் பயிற்சிக்காலம் முடியும் நாளில் கேக் வெட்டுங்கள். பேசும்போது அவவின் பணிவைப் பாராட்டுங்கள். சான்றிதழில் நேரம் தவறாமை பற்றி எழுதுங்கள்.

அடுத்த பயிற்சியாளர் வரும்போது ரவுட்டர் அணைந்திருந்தாலும் பிரின்ரர் வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் என்ன? சுவரில் ஒட்டியது சுவரில்தானே இருக்கிறது. வந்த பிள்ளையை இருத்தி, முதல் நாளே அலுவலகத்தின் நெற்வேர்க்கைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள்: “தம்பி, பிரின்ற் குடுக்கமுதல் டேட்டா இருக்கோ எண்டு பாரும்.”